ஐசோமெட்ரிக் டிராயிங்: குழாயை வெட்டுவதற்கு முன் மூன்று கணக்கு

ஐசோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஐசோமெட்ரிக் டிராயிங், ஒரு குழாய் லைனை முப்பரிமாணத்தில் காட்டும் தாள். அது கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் படத்தைத்தான் பார்க்கிறார்கள். கோடு எங்கே வளைகிறது, வால்வு எங்கே இருக்கிறது, எங்கே முடிகிறது என்று கண் ஓடுகிறது. ஆனால் அந்தத் தாளில் கடைசியாக நம்ப வேண்டியது படத்தைத்தான். அது அளவுப்படி வரைந்தது இல்லை. 4200 மி.மீ. ஓடும் குழாயும் 700 மி.மீ. துண்டும் தாளில் ஒரே நீளத்தில் கிடக்கும். குறிப்புகள் எழுத இடம் வேண்டும் என்பதற்காகக் குட்டித் துண்டு நீண்டும், நீண்ட குழாய் சுருங்கியும் வரும். 90 பாகை வளைவு தாளில் 60 பாகையாகவோ 120 பாகையாகவோ தெரியும். நம்ப வேண்டியவை திசையும் எண்ணும் மட்டுமே.

ஓ.எம்.ஆரிலும் கிண்டியிலும் உள்ள டிசைன் அலுவலகங்களில் உட்கார்ந்து ஐசோ எடுப்பவருக்கும், மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் யார்டில் அதை வைத்துக் குழாய் வெட்டுபவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு ஐசோவையும் மூன்று கணக்காகப் படியுங்கள்: கிழக்கு-மேற்கு ஒரு கணக்கு, வடக்கு-தெற்கு ஒரு கணக்கு, உயரம் ஒரு கணக்கு. மூன்றும் முட்டாமல் முடிந்தால் மட்டும் கட்டிங் மெஷினைத் தொடுங்கள்.

முதலில் வடக்கு அம்பு. தாளின் மேல் மூலையில் இருக்கும். சில நிறுவனங்களில் இடது பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றில் வலது பக்கம். தாளில் செங்குத்தாக நிற்கும் கோடு எப்போதும் மேலே அல்லது கீழே போகும் குழாய். அதில் குழப்பம் இல்லை. 30 பாகை சாய்ந்த கோடுகள்தான் ஆளைக் கவிழ்க்கும். வலது மேல்நோக்கிச் சாயும் கோடு ஒரு தாளில் வடக்கு, அம்பு மாறிய இன்னொரு தாளில் கிழக்கு. ஒரே வேலையில் இரண்டு அலுவலகங்களின் ஐசோக்கள் கலந்து வரும்போது பழக்கத்தில் படிப்பவர் ஸ்பூலை (யார்டிலேயே வெல்டு செய்து தயாராக்கும் குழாய்ப் பகுதியை) கண்ணாடிப் பிம்பமாகச் செய்துவிடுவார். ஒரே தளத்தில் வளையும் ஸ்பூல் என்றால் புரட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். கிழக்கே போய், மேலே ஏறி, வடக்கே திரும்ப வேண்டிய ஸ்பூல் இப்படி மாறிவிட்டால், எப்படிப் புரட்டினாலும் அது தெற்கேதான் திரும்பும். வெல்டை அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

இதற்கு ஒரு எளிய காவல் உண்டு. ஒரு முழம் கட்டுக்கம்பி எடுத்து, ஐசோவைப் பார்த்தபடியே வளைத்து, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வடக்கு அம்பு போட்டு அதன்மேல் வையுங்கள். மூன்று திசையில் வளையும் எந்த ஸ்பூலுக்கும் இதைச் செய்யத் தயங்க வேண்டாம். அனுபவமுள்ள ஃபிட்டர்களும் செய்கிறார்கள்.

இன்னொன்று: ஐசோவில் உள்ள வடக்கு பிளான்ட் நார்த், அதாவது அந்த ஆலைக்கென்று வைத்துக்கொண்ட வடக்கு. திசைகாட்டி காட்டும் வடக்கோடு அது ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எண்ணூரில் வேலை செய்பவர் கடல் இருக்கும் பக்கம் கிழக்கு என்று எடுத்துக்கொண்டு ஸ்பூலைத் திருப்பினால் தவறிப்போகலாம். பிளாட் பிளானில் (ஆலையின் மொத்த அமைப்பு வரைபடத்தில்) அம்பைப் பார்த்து, சைட்டில் இருக்கும் ஒரு தூண் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து லைன் நம்பர். 6"-பி-2104-ஏ1ஏ-எச் என்று இருந்தால், 6 அங்குலம் அளவு, பி என்பது உள்ளே ஓடும் திரவத்தின் வகை, 2104 வரிசை எண், ஏ1ஏ பைப்பிங் கிளாஸ், எச் சூட்டுக் காப்பு. இந்த வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொருள் மாறாது. இதில் பைப்பிங் கிளாஸ்தான் கனமான செய்தி. குழாயின் சுவர்க் கனம் (ஷெட்யூல்), உலோகம், ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வட்ட விளிம்பு) ரேட்டிங், கேஸ்கெட் (இரு ஃபிளேஞ்சுக்கு நடுவில் கசிவைத் தடுக்கும் வளையம்) வகை எல்லாம் அந்த மூன்று எழுத்துக்குள் இருக்கின்றன. ஐசோவின் நடுவில் கிளாஸ் மாறும் இடத்தில் ஒரு பிரிவுக்குறி போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிப் பழைய ஷெட்யூல் குழாயையே ஓட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வெளி விட்டம் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இனி கணக்கு. மேலே சொன்ன 6 அங்குல லைனையே எடுத்துக்கொள்வோம். கோ-ஆர்டினேட்டுகள் மீட்டரில், நீளங்கள் மி.மீ.-இல். ஒரு பாத்திரத்தின் நாசில் (குழாய் இணையும் வாய்) முகத்தில் தொடங்குகிறது: கிழக்கு 1200.000, வடக்கு 850.000, சென்டர் லைன் உயரம் 102.000. அங்கிருந்து கிழக்கே 1800. மேலே 2500. வடக்கே 4200. பிறகு 45 பாகை எல்போ (வளைவுத் துண்டு) இரண்டு போட்டு ஒரு ரோலிங் ஆஃப்செட், அதாவது பக்கவாட்டிலும் உயரத்திலும் ஒரேசமயம் விலகுவது: கிழக்கே 300, மேலே 400, வடக்கே 500. கடைசியாக வடக்கே 1500 போய் அடுத்த தாளுக்குத் தொடர்கிறது.

கிழக்குக் கணக்கு: 1200.000, 1201.800, 1202.100. வடக்குக் கணக்கு: 850.000, 854.200, 854.700, 856.200. உயரம்: 102.000, 104.500, 104.900. தொடரும் இடத்தில் தாள் சொல்ல வேண்டியது கிழக்கு 1202.100, வடக்கு 856.200, உயரம் 104.900. அடுத்த ஐசோவின் தொடக்கத்திலும் இதே மூன்று எண்கள் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் வேலையை நிறுத்திக் கேளுங்கள்.

3டி மாடலிலிருந்து தானாக வெளிவரும் ஐசோவுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மென்பொருள் கூட்டலில் தவறுவதில்லைதான். ஆனால் ஐசோ வெளிவந்த பிறகு யாரோ ஒருவர் ஒரு நீளத்தை மட்டும் கையால் திருத்தி, கோ-ஆர்டினேட்டை அப்படியே விட்டிருப்பார். அடுத்த தாளின் ரிவிஷன் ஏறியிருக்கும், இந்தத் தாள் பழையதாகவே இருக்கும். கணக்கு முட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

ரோலிங் ஆஃப்செட்டில் நின்று பார்ப்போம், பலருக்கும் தடுக்கும் இடம் இதுதான். ஐசோவில் அதைச் சுற்றி ஒரு பெட்டியோ முக்கோணமோ வரைந்து, உள்ளே மெல்லிய கோடுகள் போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகள் எந்தத் தளத்தில் குழாய் விலகுகிறது என்பதைக் காட்டுவதற்கு, குழாய் அல்ல. கிழக்கே 300, மேலே 400 விலகினால் உண்மையான விலகல் 500: 300-இன் வர்க்கம் 90,000, 400-இன் வர்க்கம் 1,60,000, கூட்டினால் 2,50,000, அதன் வர்க்கமூலம் 500. 45 பாகை எல்போ என்பதால் முன்னோக்கி ஓடும் நீளமும் 500 ஆகத்தான் இருக்க வேண்டும். தாளில் வடக்கே 500 என்று போட்டிருப்பது இதனோடு ஒத்துப்போகிறது. சாய்ந்து ஓடும் நீளம் 500 பெருக்கல் 1.414, அதாவது 707. தாளில் முன்னோக்கிய நீளம் 450 என்று இருந்தால், அந்த எல்போவை 45 பாகைக்கு மேல் திருப்பச் சொல்கிறது என்று பொருள். கடையில் வரும் எல்போவால் அது ஆகாது.

அடுத்தது வெட்டு நீளம். ஐசோவில் உள்ள கோடு குழாயின் நடுக்கோடு. 2500 என்றால் ஒரு எல்போவின் மையத்திலிருந்து இன்னொரு எல்போவின் மையம் வரை. குழாயின் நீளம் அல்ல. ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கம்) பி16.9 தரப்படி 6 அங்குல லாங் ரேடியஸ் 90 பாகை எல்போவுக்கு மையத்திலிருந்து முனை வரை 229 மி.மீ. அதே அளவு 45 பாகை எல்போவுக்கு 95. 4 அங்குலத்துக்கு 152-ம் 64-ம், 8 அங்குலத்துக்கு 305-ம் 127-ம். 90 பாகை எல்போவை மனப்பாடம் செய்யத் தேவையில்லை: அங்குல அளவை 38.1-ஆல் பெருக்கினால் போதும். வெளியே ஷார்ட் ரேடியஸ் எல்போவும் கிடக்கும், அதற்கு 25.4. ஸ்டோர்ஸில் இரண்டும் கலந்து கிடந்தால் 6 அங்குலத்தில் ஒரு எல்போவுக்கு 77 மி.மீ. தப்பும்.

ரூட் கேப் (வெல்டுக்காக இரு முனைகளுக்கு நடுவில் விடும் இடைவெளி) ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டு நம் லைனை வெட்டுவோம். செங்குத்துத் துண்டு: 2500 கழித்தல் 229 கழித்தல் 229 கழித்தல் 6, கிடைப்பது 2036. வடக்கே ஓடும் துண்டு: 4200 கழித்தல் 229 கழித்தல் 95 கழித்தல் 6, கிடைப்பது 3870. சாய்ந்த துண்டு: 707 கழித்தல் 190 கழித்தல் 6, கிடைப்பது 511. கடைசித் துண்டு தொடரும் இடம் வரை: 1500 கழித்தல் 95 கழித்தல் 3, கிடைப்பது 1402. முதல் துண்டு நாசில் முகத்திலிருந்து அளப்பது என்பதால் அதில் கேஸ்கெட்டும் வெல்ட் நெக் ஃபிளேஞ்சும் சேரும். ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட் 4.5 மி.மீ. கனத்தில் வந்தாலும் போல்ட் இறுகியபின் ஏறக்குறைய 3.2-க்கு அமுங்கும், 3 என்று எடுப்பது வழக்கம். 6 அங்குலம் 150 ரேட்டிங் ஃபிளேஞ்சின் நீளத்துக்கு 89 என்றும் 87 என்றும் இரண்டு எண்கள் அட்டவணைகளில் புழங்குகின்றன. எந்த அட்டவணையையும் நம்பாமல், வந்திறங்கிய ஃபிளேஞ்சை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 89 என்றால் 1800 கழித்தல் 3 கழித்தல் 89 கழித்தல் 229 கழித்தல் 6, கிடைப்பது 1473.

ரூட் கேப்பைக் கழிக்காமல் விடுபவர்கள் உண்டு. ஒரு துண்டில் 6 மி.மீ. தானே என்று தோன்றும். ஒரே நேர்க்கோட்டில் பத்து ஜாயின்ட் வந்தால் 30 மி.மீ. நீண்டுவிடும், கடைசி ஃபிளேஞ்ச் பம்ப் முகத்தில் உட்காராது. அங்கே செயின் புல்லி போட்டு இழுத்துப் போல்ட் பூட்டினால் அந்த இழுவிசை முழுவதும் பம்பின் நாசிலில் ஏறி, அலைன்மென்ட் கெட்டு, பேரிங் சீக்கிரம் போகும். வெட்டும் மேஜையில் விட்ட 3 மில்லிமீட்டர் அவ்வளவு தூரம் போகும்.

ஐந்து துண்டையும் கூட்டினால் 9292. மெட்டீரியல் பட்டியலில் குழாய் 9.3 மீட்டர் என்று இருக்க வேண்டும். அதோடு 90 பாகை எல்போ 2, 45 பாகை எல்போ 2, ஃபிளேஞ்ச் 1, கேஸ்கெட் 1, முக்கால் அங்குல ஸ்டட் 8, நட் 16. படத்தில் எண்ணிப் பார்த்துப் பட்டியலோடு ஒப்பிடுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பட்டியல் இரண்டாகப் பிரிந்திருக்கும்: யார்டில் வெல்டு செய்யும் பொருள் மேலே, சைட்டில் பூட்டும் பொருள் கீழே. கேஸ்கெட்டும் போல்ட்டும் வால்வும் கீழ்ப் பகுதியில் இருக்கும். ஸ்பூலோடு வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். வேஃபர் வகை வால்வு இருக்கும் இடத்தில் போல்ட் நீளத்தைத் தனியாகப் பாருங்கள். இரண்டு ஃபிளேஞ்சுக்கு நடுவில் வால்வின் உடலும் சேர்வதால், வழக்கமான 100 மி.மீ. ஸ்டட் அங்கே எட்டாது.

ஜாயின்ட்டையும் இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். ஃபிளேஞ்சில் ஒன்று, எல்போ நான்குக்கும் இரண்டிரண்டு, மொத்தம் 9. 6 அங்குலத்தில் 9 ஜாயின்ட் என்றால் 54 இன்ச் டயா. கான்ட்ராக்டர் பில்லும் வெல்டரின் அன்றாட வேலைக் கணக்கும் இந்த எண்ணில்தான் ஓடுகின்றன.

இந்த ஜாயின்ட்டுகளில் எது யார்டில், எது சைட்டில் என்பதைக் குறி சொல்லும். பெரும்பாலும் ஷாப் வெல்டுக்குப் புள்ளி, ஃபீல்டு வெல்டுக்குப் பெருக்கல் குறி. எஃப்.எஃப்.டபிள்யூ. என்று எழுதியிருந்தால் அது ஃபீல்டு ஃபிட் வெல்டு: சைட்டில் அளந்து வெட்டிப் பொருத்துவதற்காக அந்த முனையில் கூடுதல் நீளம் விட வேண்டும். 100 மி.மீ. விடும் இடமும் உண்டு, 150 விடும் இடமும் உண்டு. ஐசோவின் குறிப்பில் இருக்கும். அந்தக் கூடுதல் பட்டியலில் உள்ள நீளத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் லைனில் 3870 துண்டின் முனையில் எஃப்.எஃப்.டபிள்யூ. இருப்பதாக வைத்துக்கொண்டால் வெட்ட வேண்டியது 3970. கையில் 6 மீட்டர் குழாய் இரண்டு இருக்கின்றன. 3870-ஐயும் 2036-ஐயும் ஒரே குழாயில் எடுக்கலாம் என்று முதலில் போட்ட திட்டம் இப்போது 6006 ஆகிவிடும், 6 மி.மீ. பற்றாது. 3970, 1473, 511 மூன்றையும் ஒரு குழாயில் எடுத்தால் 5954. வெட்டும்போது போகும் சில மில்லிமீட்டருக்கும் இடம் இருக்கிறது. மற்ற குழாயில் 2036-ம் 1402-ம். வெட்டும் வரிசையைக் காகிதத்தில் போடாமல் அறுக்கத் தொடங்கினால் மூன்றாவது குழாய் கேட்டு ஸ்டோர்ஸுக்கு நடக்க வேண்டியதுதான்.

ஸ்பூலை எங்கே பிரிப்பது என்பதை லாரி தீர்மானிக்கிறது. 12 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்ற பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது பரவலான விதி. அம்பத்தூரில் செய்து எண்ணூருக்கு ஏற்றுவதென்றால் இந்த எல்லையை மீறும் ஸ்பூலை வரையும்போதே பிரித்துவிடுவது நல்லது. அகலம் மீறிய சரக்கோடு எண்ணூர் நெடுஞ்சாலைக் கன்டெய்னர் லாரி வரிசையில் நிற்பது யாருக்கும் வேண்டாம்.

உயரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு ஐசோ சென்டர் லைன் உயரம் கொடுக்கும், அடுத்தது பி.ஓ.பி. கொடுக்கும். பி.ஓ.பி. குழாயின் அடிப்பக்கம். 6 அங்குலக் குழாயின் வெளி விட்டம் 168.3, பாதி 84. நம் லைனின் கடைசி ஓட்டத்தில் சென்டர் லைன் 104.900 என்றால் பி.ஓ.பி. 104.816. எச் இருப்பதால் காப்பு உண்டு, காப்பு இருந்தால் ஷூ (குழாய்க்கு அடியில் வைக்கும் தாங்கி) உண்டு. ஷூ உயரம் 100 என்றால் தாங்கும் இரும்பின் மேல்மட்டம் 104.716 ஆக இருக்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் வேறு எண் இருந்தால் ஒன்று குழாய் தொங்கும், அல்லது இடிக்கும். இதைச் சரிபார்ப்பது குழாய்க்காரர் வேலை இல்லை என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு தாளும் முதன்முதலாகச் சந்திப்பது அவர் கையில்தான்.

எக்சென்ட்ரிக் ரிடியூசர் (ஒரு பக்கம் தட்டையாக இருந்து குழாய் அளவைக் குறைக்கும் துண்டு) வந்தால் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். 6-க்கு 4 அங்குலம், தட்டைப் பக்கம் கீழே என்றால், அடிப்பக்கம் 104.816-இலேயே நிற்கும், நடுக்கோடு 27 மி.மீ. இறங்கி 104.873 ஆகும். 168.3-க்கும் 114.3-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி அது. பைப் ரேக்கில் தட்டைப் பக்கம் கீழே போடுவது, எல்லாத் தாங்கிகளும் ஒரே மட்டத்தில் இருப்பதற்காக. கிடைமட்டமாக வரும் பம்ப் சக்‌ஷனில் (உறிஞ்சும் பக்கத்தில்) தட்டைப் பக்கம் மேலே போடுவது, மேலே காற்று தேங்காமல் இருப்பதற்காக. ஐசோவில் எஃப்.எஸ்.பி. (தட்டைப் பக்கம் கீழே), எஃப்.எஸ்.டி. (தட்டைப் பக்கம் மேலே) என்று சின்ன எழுத்தில் இருப்பது இதுதான். தலைகீழாக வெல்டு செய்தால் நடுக்கோடு 27 கீழே போக வேண்டிய இடத்தில் 27 மேலே போய், மொத்தம் 54 மி.மீ. தப்பும்.

ஃபிளேஞ்ச் துளைகள் வேறு குறிப்பு இல்லாவிட்டால் ஃபிளேஞ்ச் முகத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சமமாக விலகி நிற்க வேண்டும். துளை நடுக்கோட்டின் மேலேயே வரக்கூடாது. 8 துளை ஃபிளேஞ்சில் துளையை நடுக்கோட்டில் வைத்து டேக் (தற்காலிகச் சிறு வெல்டு) போட்டுவிட்டால் 22.5 பாகை திரும்பியிருக்கும், எதிர் ஃபிளேஞ்சோடு ஒரு போல்ட்கூட நுழையாது. ஐசோவில் வேறு பாகை எழுதியிருந்தால் அது ஏதோ ஒரு கருவியின் நாசிலுக்காக எழுதியது, அதை அப்படியே பின்பற்றுங்கள். வால்வுக்கு ஸ்பிண்டில் திசை எழுதியிருக்கும். செக் வால்வு, குளோப் வால்வு, ஆரிஃபிஸ் மூன்றிலும் ஃப்ளோ அம்பை உடலில் வார்த்திருக்கும் அம்போடு ஒப்பிட்ட பிறகே போல்ட் இறுக்குங்கள்.

தலைப்புக் கட்டத்தில் டிசைன் அழுத்தம், வெப்பநிலை, டெஸ்ட் அழுத்தம், ரேடியோகிராஃபி சதவீதம் எல்லாம் இருக்கும். ஏ.எஸ்.எம்.இ. பி31.3 படி ஹைட்ரோ டெஸ்ட் (நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் சோதனை) டிசைன் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு, சூடான லைனுக்கு வெப்பநிலைத் திருத்தமும் சேரும். டெஸ்டுக்கு நீர் நிரப்பும்போது காற்று வெளியேற உயரமான இடத்தில் வென்ட், வடிக்கத் தாழ்வான இடத்தில் டிரெயின் வேண்டும். நம் தாளில் உயரமான இடம் கடைசி ஓட்டம். அங்கே வென்ட் இல்லையென்றால் அடுத்த தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கேயும் இல்லையென்றால் வெல்டும் பெயின்டும் முடிந்தபின் துளை போட நேரும்.

ரிவிஷன் எண்ணைத் தினமும் காலையில் பாருங்கள். மேகக் கோடு சுற்றிய இடம் மாறிய இடம். ஹோல்டு (இன்னும் முடிவாகாதது) என்று எழுதிய பகுதியை வெட்டவே கூடாது, மற்ற ஸ்பூல்களைச் செய்யலாம். பழைய தாளை மடித்துப் பையில் வைத்திருக்காமல் கிழித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த நகலில் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள், சந்தேகம் வந்தால் மூன்று கணக்கையும் கூட்டிப் பாருங்கள். 1300-ஆ 1800-ஆ என்பதை அந்தக் கூட்டலே சொல்லிவிடும்.

வெல்டு முடிந்ததும் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் வெல்டர் எண், குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதியின் எண்), எஃப்.எஃப்.டபிள்யூ. முனையில் உண்மையில் வெட்டிய நீளம், மூன்றையும் அந்தத் தாளிலேயே சிவப்பு மையில் அன்றைக்கே எழுதிவிடுங்கள். பெயின்ட் ஏறிவிட்டால் குழாயில் அடித்திருக்கும் எண் மறைந்துவிடும், பிறகு தாளில் உள்ளதுதான் பதிவு.